நான் போக விரும்பும் ஊர்

இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் செல்போனைக் கையில் எடுத்தது தப்பு. எங்கள் நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தாள். எழுத்துப் போட்டி. எல்லா வயதினரும் கலந்துகொள்ளலாம், எழுதியதைக் கீழே உள்ள இணைப்பில் ஏற்றிவிட வேண்டும், ஜெயித்தவர்களுக்குச் சான்றிதழ் செல்போனுக்கே வந்துவிடும். 'மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் ஃபார்வர்டு பண்ணுங்க' என்று எழுதி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை இரண்டு. யாருக்கு அனுப்பலாம் என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பெயர்களுக்குக் குறைவில்லை. அதில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதக்கூடியவர்கள் என்று பார்த்தால், பாதிப்பேர் ஊரில் இல்லை, மீதிப்பேர் உலகத்திலேயே இல்லை. அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்து, வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை.

தீய்ந்த பாலுக்கும் தீய்ந்த பசைக்கும் வாசனையில் அதிக வித்தியாசம் கிடையாது. இது எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், என் உத்தியோக வாழ்க்கையின் முதல் சில வருடங்களை நான் புத்தகம் வாசித்துக் கழிக்கவில்லை, பசை காய்ச்சிக் கழித்தேன் என்பதுதான். நூலகத்தில் வேலை என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும், "உனக்கென்னம்மா, உக்காந்து கதைப் புஸ்தகமா படிக்கலாம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன முதல் வாரமே மைதா மாவையும் மயில்துத்தத்தையும் கொடுத்து, முதுகு கிழிந்த புத்தகங்களுக்கு ஒட்டுப்போடச் சொல்லிவிட்டார்கள். துத்தம் எதற்கென்றால், பூச்சி அரிக்காமல் இருக்க. அப்படியும் அரித்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப்படி ஏறிப் போகவேண்டிய கிளை நூலகம் அது. என் வீடு புத்தூரில். தினம் இரண்டு பஸ். சாயங்காலம் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, கையெல்லாம் மாவுப்பசை காய்ந்து தோல் உரிவதுபோல உரியும். நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டே நிற்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ வியாதி என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். கூட்டத்தில் அது ஒரு சௌகரியம்.

போட்டியைப் பற்றிச் சொல்ல வந்தேன். எங்கள் நூலகர் தனபால் சாருக்கு வருடத்தில் ஒருமுறை உற்சாகம் வரும். வந்தால் எங்களுக்கு ஒரு மாதம் தூக்கம் போகும். அப்படி வந்த ஓர் உற்சாகத்தில்தான் ஊர்மக்களுக்கு எழுத்துப் போட்டி நடத்துவது என்று முடிவானது. சிறுவர், மாணவர், பெரியவர் என்று பிரிக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா பிரிக்கணும்? எட்டு வயசு எழுதினாலும் எழுத்து, எண்பது வயசு எழுதினாலும் எழுத்து" என்றார்.

கேட்க நன்றாக இருந்தது. உண்மையான காரணம் வேறு. பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பரிசு தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் தந்தது ஒரே ஒரு பிரஷர் குக்கர். ஒரு குக்கரை மூன்று பிரிவுக்குப் பகிர முடியாது.

'நான் போக விரும்பும் ஊர்' என்பது தலைப்பு. முதல் பரிசு பெறுபவர் தன் கட்டுரையை மேடையில் தானே வாசிக்க வேண்டும் என்பது தனபால் சார் போட்ட இன்னொரு விதி. கட்டுரைகள் வர ஆரம்பித்தன. பெயர், முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவைப்பது என் வேலை என்பதால் எல்லாவற்றையும் நான்தான் முதலில் படித்தேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊட்டிக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே பள்ளிக்கூடத்திலும் வேர்க்காது என்று எழுதியிருந்தான். கல்லூரிப் பெண்கள் லண்டன், பாரிஸ். சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் துபாய். அறுபது தாண்டியவர்கள் எல்லாரும் வடக்கே, காசி, பத்ரி, கேதாரம். படித்துப் படித்து எனக்கே கால் வலித்தது. நான் அதுவரை மதுரையைத் தாண்டியதில்லை.

எங்கள் நூலகத்துக்குத் தினமும் காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கும் ஒருவர் உண்டு. சௌந்தரராஜன் சார். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா, கண்ணாடி, செல்போன் மூன்றும். பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார். பிழை இருந்தால் பேனாவால் திருத்திவைப்பார். அடுத்து வாசிப்பவர்களுக்கு உபகாரமாம். அவர் பத்ரிநாத் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார். எந்த ரயில், எங்கே மாற வேண்டும், எந்த ஸ்டேஷனில் தயிர்சாதம் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. பத்ரிநாத் கடைசிப் பத்தியில் வந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "ரொம்ப உபயோகமா இருக்கு சார்" என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கடைசித் தேதியன்று, நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தபோது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஒரு மாமி மேலே ஏறிவந்தார். சௌந்தரராஜன் சாரின் மனைவி வேதவல்லி. கோயில் வீதியில் அவரோடு போகும்போது பார்த்திருக்கிறேன். காய்கறிப் பையிலிருந்து, புடலங்காய்க்கும் கொத்தமல்லிக்கும் நடுவே இருந்து மடித்த தாள்களை எடுத்தார். தாளில் லேசாகக் கொத்தமல்லி ஈரம்.

"நானும் எழுதலாமோல்லியோ? வயசு வரம்பு இல்லைன்னு போட்டிருக்கேள்."

"தாராளமா எழுதலாம் மாமி. உக்காருங்க, தண்ணி தரேன்."

"வேண்டாம்மா, காபிக்கு நேரமாச்சு. எங்காத்துக்காரர்கிட்ட மட்டும் இப்போ ஒண்ணும் சொல்லிடாதே. அவரும் எழுதியிருக்கார். சிரிப்பார்."

கோ. வேதவல்லி என்று அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு எழுதியிருந்தார். பஸ்ஸில் போகும்போது படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

நடுவராக வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை கட்டுரைகளை இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். மாமியின் கட்டுரைதான் மேலே இருந்தது. "இதுக்கப்புறம் மத்ததை வரிசைப்படுத்துறது கஷ்டமா இருந்துச்சு" என்றார். இனி மாமிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் இருந்த ஒரே செல்போன் சாரின் சட்டைப் பையில் இருந்தது. நேரில் போனேன். கதவைத் திறந்தவரும் சார்தான். உள்ளே மாமி தாளிக்கும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை பரிசளிப்பு சார். நீங்க ரெண்டு பேரும் அவசியம் வரணும்" என்று ரெண்டு பேரும் என்பதை அழுத்திச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றார். எனக்கும் புரிந்தது, அவருக்கு என்ன புரிந்தது என்று. அதற்குமேல் வாயைத் திறந்தால் மாமிக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். படியிறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சரிகை வேட்டியில் தனியாக வந்தார். முழங்கால் வலி, படியேற முடியவில்லை என்று மாமி சொல்லிவிட்டாராம். முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஊட்டிப் பையனுக்கு ஆறுதல் பரிசு. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இரண்டாம் பரிசாகப் புத்தகங்கள். அப்புறம் தனபால் சார் மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு, "முதல் பரிசு, கோ. வேதவல்லி" என்றார்.

பாதி எழுந்த சௌந்தரராஜன் சார் அப்படியே நின்றார். யாரும் வரவில்லை. தனபால் சார் தாளைத் திருப்பி முகவரியைப் படித்தார். அது சௌந்தரராஜன் சாரின் முகவரி. "சார், இது உங்க வீடாச்சே!" என்றார் மைக்கிலேயே. கூட்டம் கைதட்டியது. நான் மேடைக்குப் பக்கத்தில் குக்கரை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகச் சிரித்தார். அது பொய்ச் சிரிப்பு இல்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். மேலே வந்து குக்கரை வாங்கிக்கொண்டார்.

"அம்மா வரலைன்னா என்ன, நீங்களே வாசிச்சுடுங்க சார்" என்றார் தனபால் சார். அவர் கட்டுரையைப் படித்திருக்கவில்லை.

நான் குறுக்கே போனேன். "நான் வாசிக்கிறேன் சார், குடுங்க."

"ஏம்மா? என் ஆத்துக்காரி எழுதினதை நான் வாசிக்கப்படாதா?"

குக்கர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நான் இங்கே நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்.

'நான் போக விரும்பும் ஊர் துறையூர். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் பிறந்தது அங்கேதான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு நார்த்தை மரம் உண்டு. என் அண்ணா அதில் ஏறி உட்கார்ந்து பாடம் படிப்பான், நான் கீழே உட்கார்ந்து கேட்டே படித்துவிடுவேன். அண்ணாவின் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகையை நேரில் வந்து கொடுக்காமல் தபாலில் அனுப்பினார்கள். அண்ணாவுக்கு அப்போது காய்ச்சல். என் கணவர் இனி அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். நானும் அதில் சேர்த்தி. அந்தக் கல்யாணப் பெண்ணின் பிள்ளைக்கு இப்போது காலேஜுக்குப் போகும் வயதிருக்கும்.'

இதுவரை அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பேப்பர் படிக்கும் குரல். அடுத்த வரியில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அதையும் விடாமல் வாசித்தார்.

'என் கணவர் கோபக்காரர் இல்லை. சொன்ன சொல்லை மாற்றாதவர். அதுதான் கஷ்டம்.'

கூட்டம் சிரித்துவிட்டது. நகைச்சுவைக் கட்டுரை என்று நினைத்துவிட்டார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அந்தப் பொறுமையை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

'மாதம் ஒருமுறை புத்தூரில் டாக்டரிடம் முழங்காலைக் காட்டிவிட்டு, சத்திரத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு மாறுவேன். எனக்கு முன்னால் துறையூர் பஸ் நிற்கும். மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, துறையூர் என்று கண்டக்டர் கூவுவார். ஒருநாள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலோர இடம். டிக்கெட் எந்த ஊருக்கு என்று கண்டக்டர் கேட்டார். துறையூர் ஒன்று என்றேன். அதைச் சொன்னதும் பயம் வந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு அவருக்கு ஒன்றும் செய்துவைக்கவில்லையே என்று. மன்னிச்சுக்கோப்பா, மறந்து ஏறிட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். கண்டக்டர் திட்டவில்லை. பார்த்து இறங்குங்கம்மா என்றார். பஸ் போனதும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி, சாயங்காலக் காபிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.'

கட்டுரை அவ்வளவுதான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் தோன்றவில்லை. தனபால் சார்தான் சமாளித்து முதலில் கை தட்டினார். சௌந்தரராஜன் சார் தாள்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது நூலகத்தின் கோப்பில் இருக்க வேண்டிய தாள். யாரும் கேட்கவில்லை.

குக்கரோடு அவர் படியிறங்க முடியாது என்று அதை நான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பாதிப் படியில் நின்றார்.

"ஏறி உக்காந்தாளாமே."

"ஆமா சார்."

"எங்கிட்ட சொல்லலை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு என்ன தளிகை பண்ணியிருப்பான்னு யோசிச்சுப் பார்க்கிறேன். ஞாபகம் வரமாட்டேங்கறது. எப்பவும்போலத்தான் சாப்பிட்டிருப்பேன்."

தெருவுக்கு வந்ததும் குக்கரைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஏம்மா, துறையூர் பஸ் இப்பவும் சத்திரத்துலேர்ந்துதான் கிளம்பறதா?" என்று கேட்டார். ரயில்களை மனப்பாடமாகச் சொல்கிற மனிதர்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மாமி நூலகத்துக்கு வந்தார். இந்தமுறை காலை வேளையில், நிதானமாக. ஒரு டப்பாவில் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தார்.

"போயிட்டு வந்தோம்மா" என்றார். முகத்தில் சந்தோஷமா களைப்பா என்று தெரியவில்லை.

"வீட்டுல ஒண்ணும் கோபப்படலையா மாமி?"

"அன்னிக்கு வந்து குக்கரைக் கீழே வெச்சார். 'நாளைக்குக் கார்த்தாலே கிளம்பு'ன்னார். எங்கேன்னு நான் கேக்கலை, எங்கேன்னு அவர் சொல்லலை. பஸ்ல ஜன்னலோரத்துல என்னை உக்காத்தி வெச்சார். திருவெள்ளறைல கோபுரம் தெரிஞ்சப்போ கன்னத்துல போட்டுண்டார்."

"அண்ணாவைப் பார்த்தீங்களா?"

மாமி சிரித்தார். "அண்ணா எங்கே இருக்கான்? ஆத்தை வித்துட்டு கோயம்புத்தூருக்குப் பிள்ளையோட போயிட்டானாம். நாலு வருஷமாச்சாம். நாங்க போய் நின்னா, எங்காம் இருந்த இடத்துல டைல்ஸ் கடை. மரம், பின்கட்டு ஒண்ணும் இல்லை. கடைக்காரப் பையன் பாவம், சேர் போட்டு உக்காத்தி, எங்க அண்ணா நம்பரைத் தேடிக் குடுத்தான். இவர்தான் போன் போட்டார்."

"என்ன பேசினாங்க?"

"அதை ஏன் கேக்கறே! அத்தனை வருஷம் முறைச்சுண்டு இருந்த ரெண்டு பேரும் என்ன பேசினா தெரியுமோ? சர்க்கரை எவ்வளவு இருக்கு, எந்த மாத்திரை போடறேள், காலையில நடக்கறேளா, இதான். அப்புறம் எங்கிட்ட குடுத்தார். அண்ணா 'வேதா'ன்னான். டைல்ஸ் எல்லாம் நன்னாயிருக்குன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு மாமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு ஊறுகாய் டப்பாவை என் பக்கம் தள்ளி, "இது கடையில வாங்கின நார்த்தங்காய். சுமாராத்தான் இருக்கும்" என்றார்.

அதற்கடுத்த வருடமும் போட்டி நடந்தது. அப்போது தலைப்பு என்ன என்பது மறந்துவிட்டது. சார் என்ன தலைப்பானாலும் பத்ரிநாத்தை அதில் நுழைத்து எழுதிக் கொடுத்தார். மாமி எழுதவில்லை. கேட்டதற்கு, "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சேம்மா" என்றார். அண்ணா ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வந்து பெருமாளைச் சேவித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். மூன்று பேரும் பேசியதைவிடத் தூங்கியதுதான் அதிகமாம்.

எல்லாம் இதற்குள் எங்கோ போய்விட்டது. தனபால் சார் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு உற்சாகம் வருவதற்குள் இடமாற்றம் வந்துவிட்டது. பேருக்கு நடந்துகொண்டிருந்த போட்டியும் ஊரடங்கு வருடத்தில் நின்றது, நின்றது நின்றதுதான். பரிசளிப்பு நடந்த மாடிக் கூடத்தில் இப்போது தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. நல்ல பிள்ளைகள். ஒருத்தர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாத்திரக்கடை இருந்த இடத்தில் வேறு கடை. சௌந்தரராஜன் சார் ஒரு மார்கழியில் போய்விட்டார். அன்று பேப்பரில் யாரும் பிழை திருத்தவில்லை என்பதை நான் மத்தியானம்தான் கவனித்தேன். மாமியை அவருடைய பெண் புனேவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கோயில் வீதியில் அவர்கள் குடியிருந்த வீடு தங்கும் விடுதியாகிவிட்டது. நானும் பசை காய்ச்சுவதில்லை. கிழிந்த புத்தகத்தை இப்போது கழித்துவிடுகிறோம். புத்தூருக்குப் போக அதே இரண்டு பஸ்தான், ஆனால் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுகிறேன்.

போன வருடம் புனேயிலிருந்து மாமி போன் செய்தார். இப்போது அவருக்கென்று தனிப் போன் இருக்கிறது. கண் சரியாகத் தெரிவதில்லை என்றார். பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்றார். பக்கத்தில் ஒரு நூலகம் இருக்கிறதாம், எல்லாம் மராத்தி.

"ஒண்ணு கேக்கணும்மா. நான் எழுதினேனே, அது ஒரு காப்பி உங்கிட்ட இருக்கோ? இவர் சட்டைப் பையிலேயே வெச்சிண்டிருந்தார், சட்டை மாத்தறச்சே அதையும் மாத்திப்பார். வீடு காலி பண்றச்சே எதோட போச்சுன்னு தெரியலை. பேத்தி கேக்கறா, பாட்டி நீ பிரைஸ் வாங்கினியாமேன்னு."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடினேன். மாடிப்படிக்கு அடியில் அந்த வருடங்களின் கட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்தால், கரையான் மண்தான் இருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. இருந்திருந்தாலும் அவருடைய தாள் அதில் இருந்திருக்காது, அதை சார்தான் அன்றே எடுத்துப் போய்விட்டாரே. தெரிந்தும் தேடினேன்.

மறுநாள் மாமிக்குப் போன் செய்து, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு நினைவிருந்தவரை அந்தக் கட்டுரையைப் போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். நார்த்தை மரம், தபாலில் வந்த பத்திரிகை, சொன்ன சொல்லை மாற்றாதவர், ஜன்னலோர இடம். நடுவில் சில வரிகள் என்னுடையவையாக இருக்கலாம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்து, "மாமி, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார். பிறகு, வேறு யாரோ எழுதியதைக் கேட்டவர்போல, "பரவாயில்லையே, நன்னாத்தான் எழுதியிருக்கா" என்றார்.